திரைக்கு அப்பால் ஒரு மனிதர்

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வகுப்பறையில் பேசப்படாத ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளேனும் இதனைப் பற்றி மாணவர்களிடம் வாய் திறந்ததில்லை. திறந்திருக்க வேண்டும் என்று இப்பொழுது எண்ணுகிறேன். இணையத்தின் வழியாகப் பாலியல் தொழில் செய்வோரின் நலம் என்பதே அப்பொருள். இதைக் கேட்டதும் வானொலிப் பெட்டியை அணைத்துவிட எண்ணும் பெற்றோர் சிலர் இருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தொழில் நல்லதா தீயதா என்று வழக்காட நான் வரவில்லை. அத்தொழிலில் இருக்கும் ஒருவருக்கு இடர் நேர்ந்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்வது என்னும் ஒரு வினாவை மட்டுமே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்தது மத்தூர். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். சுற்றிலும் மாந்தோப்புகள், நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலங்கள். மழை பொய்த்துவிட்டால் வேலை இராது. ஆகவே என்னிடம் படித்த பிள்ளைகளுள் பலர் படிப்பு முடிந்ததும் ஓசூருக்குப் போனார்கள். 1970-களில் தொடங்கிய ஓசூர்த் தொழிற்பேட்டை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் மாநில எல்லை. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, பெங்களூர். ஒரு மாநிலத்தில் வேலை, மற்றொரு மாநிலத்தில் வாடகை அறை என்று வாழ்வோர் அங்கே ஏராளம். பதினெட்டு, இருபது வயதில் ஊரை விட்டுப் போன ஒரு பெண்ணுக்கு அந்த அறையில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கைப்பேசி ஒன்றே இருக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வாடகை மட்டும் மூடப்படவில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாலை, என் பழைய மாணவி ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். யார் என்பதை எவரும் ஊகிக்க இயலாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன். சொல்வதற்கு அவருடைய இசைவையும் பெற்றிருக்கிறேன். கணக்கில் கெட்டிக்காரர். என் முன் அமர்ந்து கைப்பேசியை மேசை மீது கவிழ்த்து வைத்தார். இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை அது அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

“என் தோழிக்கு ஒரு சங்கடம், ஐயா” என்று தொடங்கினார்.

தோழிக்கு ஊரடங்கில் வேலை போயிற்று. முன்பின் அறியாதவரோடு பேசிப் பொழுது போக்கினால் பணம் தரும் செயலி ஒன்றில் சேர்ந்தாள். முதலில் பேச்சு, பிறகு முகம் காட்டல், பிறகு, பேச்சுக்குக் கிடைத்ததைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொன்னவர்களுக்காக ஆடையின்றித் தோன்றுதல். அதில் வந்த பணத்தில் தம்பியின் படிப்புக் கட்டணம் நின்றுபோகாமல் கட்டப்பட்டது. திரையில் ஓடியதை ஒருவன் அவளுக்குத் தெரியாமலேயே பதிவு செய்து வைத்துக்கொண்டான். இப்பொழுது வாரம் ஒரு தொகை கேட்கிறான். தவறினால் ஊரார் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் தம்பிக்கும் அனுப்பிவிடுவேன் என்கிறான். இதுதான் கதை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆசிரியப் பயிற்சி பெற்றவன், குழந்தை தவறு செய்து நிற்கும்போது “ஏன் செய்தாய்?” என்று தொடங்கினால் அடுத்த வாக்கியம் பொய்யாகத்தான் வரும் என்று பிறருக்குப் பாடம் எடுத்தவன். ஆனால் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? “இதிலே போய் ஏன் அம்மா விழுந்தாய்?” என்பதே. தோழி என்ற திரையையும் அந்த ஒரு கேள்வியால் கிழித்துவிட்டேன். அவர் எழுந்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரை என் மனைவி சமையலறையிலிருந்து வந்து கையைப் பிடித்து, “உட்கார் அம்மா, காபி ஆறிவிடும்” என்று சொல்லி உட்காரவைத்தாள். அந்தக் காபி இல்லையென்றால் அவர் அன்றிரவு எங்கே போயிருப்பார் என்பதை நான் இன்றளவும் எண்ணிப் பார்க்க அஞ்சுகிறேன்.

இனி விஷயத்திற்கு வருவோம்.

இத்தொழிலில் இருப்போர் பெண்கள் மட்டுமல்லர். ஆடவரும் உளர், வேறு வேலை தர எவரும் முன்வராத காரணத்தால் இதற்கு வந்த திருநங்கையரும் உளர். தாமே தெரிந்து தேர்ந்துகொண்டவர், வறுமையால் வந்தவர், பிறரால் அச்சுறுத்தி இழுத்து வரப்பட்டவர் என மூவகையினர் இருக்கின்றனர். மூன்றாம் வகை ஆள்கடத்தல் என்னும் கொடுங்குற்றம். அதனை முதலிரண்டோடு கலந்து பேசக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பொறுத்தவரை தொழில் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தையின் இசைவு இசைவே ஆகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவும் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பிறருக்கு அனுப்புவதும்கூடக் குற்றமே. விளையாட்டாக அனுப்பினேன் என்று சொல்லும் பள்ளி மாணவரும் இதில் அடங்குவர்.

இச்செயலிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பார்ப்பவர் பணம் செலுத்தி நாணயம் வாங்குகிறார். அது மெய்யான நாணயம் அன்று, திரையில் தோன்றும் ஓர் எண். அதனைக் கொண்டு ரோஜா, கிரீடம் என்று படங்களைப் பரிசாக வீசுகிறார். அந்தப் பரிசு மீண்டும் பணமாக மாறும்போது செயலி நடத்துவோர் தம் பங்கை எடுத்துக்கொள்வர். ஆள் சேர்த்துவிட்ட முகவர் தம் பங்கை எடுத்துக்கொள்வார். எஞ்சியதே திரைக்கு முன் அமர்ந்தவருக்கு. என் மாணவிக்கு ஒரு மாத வருவாய் வராமலே நின்றுபோயிற்று. கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரு வரி வந்ததாம், காரணம் இல்லை. கேட்பதற்கு மேலாளரும் இல்லை, கதவும் இல்லை. தொழிற்சாலையில் ஒரு நாள் கூலியைப் பிடித்தால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் அலுவலரிடமோ போகலாம். இங்கே யாரிடம் போவது?

நோய் தொற்றாது, வாடிக்கையாளர் அடிக்க முடியாது, ஆகவே இது தீங்கற்றது என்று சிலர் சொல்வர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தெருவில் நின்று பட்ட அடிகளை எண்ணி, அறைக்குள் திரை முன் அமர்வதே மேல் என்று கருதுவோர் உண்டு. ஆயினும் நலம் என்பது நோயின்மை மட்டும் அன்று. உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நிறைவாக இருக்கும் நிலையே நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1948-இல் நடைமுறைக்கு வந்த தன் அமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாகாது. பார்ப்போர் வேற்று நாட்டில் பகலில் இருக்க, இவர் இரவெல்லாம் கண்விழிக்கிறார். வீட்டிற்கு ஒரு தொழிலும் தமக்கு ஒரு தொழிலுமாக இரண்டு வாழ்க்கை வாழ்கிறார். கடைத் தெருவில் ஒருவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால், இவர் என்னை அங்கே பார்த்தவரோ என்று நெஞ்சு பதறுகிறது. “பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தால்கூட என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாரோ என்று இருக்கும், ஐயா” என்றார் என் மாணவி.

படம் என்பதன் இயல்பு அத்தகையது. கையால் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடலாம். இணையத்தில் ஏறிய படத்திற்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. ஒரு படம் நூறாகப் பெருகுவதற்கு நூறு விரல் அசைவுகள் போதும். எனினும் அதற்கு மாற்று அறவே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. கணிப்பொறி பயிலும் மாணவர்களுக்கு இது சுவையாக இருக்கும். எந்தப் படத்தையும் ஒரு கணித முறையால் ஓர் எண்கோவையாகச் சுருக்கலாம். அந்தக் கோவையிலிருந்து படத்தைத் திரும்ப வரைய இயலாது. ஆனால் அதே படம் வேறெங்கேனும் ஏற்றப்பட்டால் அதன் கோவையும் ஒத்து வரும். விரல் ரேகையிலிருந்து ஆளை உண்டாக்க முடியாது, அடையாளம் காண முடியும் அல்லவா? அதைப் போன்றது. 2021 டிசம்பரில் பிரிட்டனில் உள்ள ஒரு தொண்டு அமைப்பு ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்னும் இலவசச் சேவையை இம்முறையில் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர் தம் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை. எண்கோவை அவருடைய கருவியிலேயே உண்டாகிறது. அது மட்டுமே வெளியே செல்கிறது. சேவையில் இணைந்துள்ள நிறுவனங்கள் அக்கோவைக்கு ஒத்த படம் தம் தளத்தில் ஏறினால் தடுக்கின்றன. இணையாத தளங்களில் இது பயன்படாது என்பதும் உண்மை. பதினெட்டு வயதிற்கு உட்பட்டோருக்கு ‘டேக் இட் டவுன்’ என்னும் வேறொரு சேவை, அமெரிக்காவில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பொன்றால் நடத்தப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்கே வியப்பு காத்திருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354-சி பிரிவில் இருந்ததும் அதுவே. ஒரு பெண் தன் படம் எடுக்கப்படுவதற்கு இசைந்திருக்கலாம். ஆயினும் அது மூன்றாம் ஆட்களுக்குப் பரப்பப்படுவதற்கு அவள் இசையாதபோது பரப்பினால், அது குற்றம். முதன்முறை குற்றத்திற்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. நன்கு கவனியுங்கள். “அவளே காட்டினாள் அல்லவா?” என்று ஊர் கேட்கும் கேள்விக்குச் சட்டம் எப்பொழுதோ விடை எழுதிவிட்டது. ஒருவருக்குக் காட்ட இசைந்தது ஊருக்குக் காட்ட இசைந்தது ஆகாது. மிரட்டிப் பணம் பறித்தல் 308-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம்.

பிறகு ஏன் அவர்கள் காவல் நிலையத்திற்குப் போவதில்லை? மற்றொரு சட்டம் குறுக்கே நிற்கிறது. வயது வந்த ஒருவர் தாமே தனித்துப் பாலியல் தொழில் செய்வது 1956-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் ஆகாது. விடுதி நடத்துவதும், பிறரது வருவாயில் வாழ்வதும், பொது இடத்தில் ஆள் அழைப்பதும் குற்றங்கள். ஆனால் இணையத்தில் அப்பட்டமான பாலியல் காட்சியை அனுப்புவதையோ வெளியிடுவதையோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஏ பிரிவு குற்றமாக்குகிறது. முதன்முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆகவே திருடனைப் பற்றிப் புகார் கொடுக்கச் செல்பவர், தம் கையிலும் விலங்கு ஏறுமோ என்று அஞ்சி வாசலிலேயே திரும்பிவிடுகிறார். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவனுடைய முதலீடு அந்த அச்சம்தான். இந்த முடிச்சைச் சட்டம் இன்னும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை நானும் என் மனைவியும் மாணவியை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். எது என்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர் முதலில் அரை மணி நேரம் அறிவுரை வழங்கினார். பிறகு, “நீ குடியிருப்பது கர்நாடகம், அவன் எந்த ஊர் என்றே தெரியவில்லை, இங்கே எப்படி எழுதுவது?” என்றார். எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இது பழகிப்போன பதில். மாடு தொலைந்தாலும் இதுதான், மானம் தொலைந்தாலும் இதுதான். குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இன்று எழுத்தில் வைத்திருக்கிறது. அன்று எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. வீட்டிற்குத் திரும்பி, மத்திய அரசின் இணையக் குற்றத் தளத்தில் அவரே புகாரைப் பதிந்தார்; அதன் பேரில் மாவட்ட இணையக் குற்றப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக எப்பொழுது பணம் அனுப்பினீர்கள், அம்மா?” என்பது. ஏன் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. இருபது வயது குறைந்தவரிடம் நான் அன்று ஆசிரியப் பயிற்சி பெற்றேன்.

இந்த அச்சமும் இந்த அறிவுரையும் இணையத்தோடு பிறந்தவை அல்ல. தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1986-ஆம் ஆண்டின் தொடக்கம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற நிர்மலா என்னும் மாணவி, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் எய்ட்ஸ் கிருமியைத் தேடும் ஆய்வை மேற்கொண்டார். அரசின் காப்பகமொன்றில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து ஏறத்தாழ 80 இரத்த மாதிரிகளைத் திரட்டினார். கையுறையும் இல்லை; மாதிரிகளை வைக்கத் தக்க இடமும் இல்லை. தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்தாராம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது அவற்றுள் ஆறு மாதிரிகளில் கிருமியின் தடயம் தென்பட்டது. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது இவ்வாறே முதன்முதலாகத் தெரியவந்தது. அறிவியல் வரலாற்றில் இது பெருஞ்செயல், ஐயமில்லை. ஆனால் அப்பெண்களிடம் எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லப்படவில்லை. அதனை டாக்டர் நிர்மலாவே பிற்காலத்தில் மறைக்காமல் கூறியிருக்கிறார்.

அதன் பின் நிகழ்ந்ததுதான் நம் பாடம். கிருமி கண்டவர்களை அடைத்து வைத்தால் நோய் அடங்கும் என்று நாடு நினைத்தது. 1990-இல் பம்பாயிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மீட்கப்பட்டதாகச் சொல்லி ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சோதனை செய்யப்பட்டுக் காப்பகங்களில் வைக்கப்பட்டார்கள். நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. பூட்டி வைத்ததனால் நோய் குறையவில்லை. ஒளிந்துகொண்டவர்கள் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. பின்னர் 1993-இல் டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும், 1994-இல் அமைந்த தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் வேறு வழியில் சென்றன. கல்கத்தாவின் சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா 1992-இல் தொடங்கிய திட்டமோ அந்தப் பெண்களுள் சிலரையே சுகாதாரப் பணியாளர்களாக்கியது. 1995-இல் அவர்கள் தமக்கென்று ஒரு கூட்டுறவுச் சேமிப்புச் சங்கம்கூட அமைத்துக்கொண்டார்கள். வட்டிக்காரனிடம் சிக்காத பெண், வேண்டாத வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்ல முடியும் அல்லவா?

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்று: அப்பெண்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். பக்கத்து அறையில் அழுகுரல் கேட்டால் கதவைத் தட்டினார்கள். இணையத்தில் தொழில் செய்பவருக்குப் பக்கத்து அறை இல்லை. அதே செயலியில் அதே இரவில் அமர்ந்திருக்கும் மற்றொருவரின் பெயரும் அவருக்குத் தெரியாது. தெருவுக்கு வந்து தேடும் சுகாதாரப் பணியாளரின் கண்ணுக்கும் அவர் படுவதில்லை. இணைய வழியில் மட்டும் இருப்போரையும் சென்றடைய வேண்டும் என்பதை எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் துறையினர் அண்மை ஆண்டுகளில் உணர்ந்து முயன்று வருகின்றனர். நோய்க்காகத் தேடி வருவது நன்று. தனிமைக்காக எவரேனும் தேடி வருவார்களா என்பதே என் கவலை.

உச்ச நீதிமன்றத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1999-இல் கல்கத்தாவில் பாலியல் தொழில் செய்த ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவனின் மேல்முறையீடு 2011-இல் தள்ளுபடியானது. வழக்கு அத்தோடு முடிந்திருக்கலாம். நீதிமன்றம் தானாகவே அதனைப் பொதுநல வழக்காக மாற்றி, இத்தகையோர் மதிப்போடு வாழ வழி என்ன என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. 2020 செப்டம்பரில், ஊரடங்கால் பட்டினி கிடந்தவர்களுக்கு அடையாளச் சான்று கேட்காமல் உலர் உணவுப் பொருள்கள் வழங்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2022 மே 19-ஆம் நாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் மதிப்பான வாழ்வு இவர்களுக்கும் உரியது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்றப் பெண்களுக்குத் தரும் மருத்துவ உதவி அனைத்தும் இவர்களுக்கும் தர வேண்டும். காவலர் இழிவாகப் பேசலாகாது. செய்தியாளர் இவர்கள் அடையாளத்தை வெளியிடலாகாது. இருப்பிடச் சான்று இல்லாதோருக்கு ஆதார் அட்டை கிடைக்கவும் அது வழி செய்தது. நீதிமன்றத்தின் கண் முன் இருந்தவர்கள் பெரும்பாலும் தெருவிலும் விடுதியிலும் இருந்தவர்கள். ஆயினும் மதிப்பு என்னும் சொல்லுக்குத் திரைக்கு முன், திரைக்குப் பின் என்ற வேறுபாடு இல்லை.

அடையாளத்தை வெளியிடலாகாது என்பதன் அருமையை நாம் பொள்ளாச்சியில் கண்டோம். அங்கே பாதிக்கப்பட்டவர்கள் இத்தொழிலில் இருந்தவர்கள் அல்லர். நட்பென்று நம்பி ஏமாற்றப்பட்டவர்கள். ஆனால் அவர்கள்மீது ஏவப்பட்ட ஆயுதம் இதே ஆயுதம்: பதிவு செய்த காணொளி. 2019-இல் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தபோது அவருடைய அடையாளம் அதிகாரிகள் வாயிலாகவே வெளியாயிற்று. உயர் நீதிமன்றம் அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு ஆணையிட்டது. 2025 மே 13-ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் வாழ்நாள் சிறை விதித்தது. ஒருவர் வாய் திறந்ததால் மற்றவர்களும் வெளியே வர முடிந்தது. அந்த முதல் ஒருவருக்கு நாம் செய்த மரியாதை என்ன என்பதையும் மறக்கலாகாது.

வெளிநாடுகளும் இதில் ஒரு வழியில் செல்லவில்லை. 2018-இல் அமெரிக்கா, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கென்று இணையத் தளங்களைப் பொறுப்பாக்கும் சட்டம் இயற்றியது. தளங்கள் அஞ்சி மூடிக்கொண்டன. வாடிக்கையாளர் யாரென்று முன்கூட்டியே விசாரித்தறியும் வாய்ப்பை இழந்து தாங்கள் மீண்டும் தெருவுக்குத் தள்ளப்பட்டதாகத் தொழிலில் இருந்தோர் முறையிட்டனர். 2021-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்தபோது, அச்சட்டத்தின் புதிய குற்றப் பிரிவு ஒரே ஒரு வழக்கில்தான் பயன்பட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ஒன்லிஃபேன்ஸ்’ என்னும் தளம் அப்பட்டமான காட்சிகளை நிறுத்தப் போவதாக அறிவித்து, ஒரு வாரத்திற்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அந்த ஒரு வாரம் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு ஊசலாடியிருக்கும். சுவீடனோ 2025 ஜூலை முதல், கேட்டபடி இணையத்தில் நிகழ்த்தப்படும் பாலியல் செயலைப் பணம் கொடுத்து வாங்குபவரைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறது, விற்பவரைத் தண்டிப்பதில்லை. எது சரி என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதி போதாது. விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே தராசில் நிறுத்திக்கொண்டே, மிரட்டுகிறவனைத் தராசுக்கு வெளியே விட்டுவிடும் ஏற்பாடு மட்டும் சரியன்று என்பேன்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. நாளைக்கே உங்கள் கைப்பேசிக்கு ஒரு படம் வரலாம். அதில் இருப்பவர் யாரோ ஒருவராக இருக்கலாம். ஒரே தெருவில் வளர்ந்தவராகவும் இருக்கலாம். அதை நீங்கள் மற்றொருவருக்கு அனுப்பாவிட்டால் அந்தச் சங்கிலி உங்கள் விரலில் அறுகிறது. உங்கள் தோழி ஒருத்தி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, என் தோழிக்கு ஒரு சங்கடம் என்று தொடங்கினால், நான் கேட்ட கேள்வியைக் கேளாதீர்கள். பணம் அனுப்பாதே, வந்த செய்திகளை அழிக்காதே, அவை சான்று, தனியாக இராதே என்று சொல்லுங்கள்.

என் மாணவியின் வழக்கு இன்னும் முடியவில்லை. படம் ஓரிடத்தில் நீக்கப்பட்டு, நான்கு மாதம் கழித்து வேறோரிடத்தில் தோன்றியது. மீண்டும் புகார் செய்தார், மீண்டும் நீக்கப்பட்டது. மிரட்டியவனுக்குப் பணம் போவது நின்றுவிட்டது. தம்பியிடம் அவரே ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சாப்பிட்டாயா, அக்கா?” என்றானாம். இப்பொழுது ஓசூரில் தையல் வேலைக்குப் போகிறார். அந்தப் பழைய தொழிலுக்கு இனி போகமாட்டேன் என்று என்னிடம் அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வானொலியில் பேசப் போகிறேன் என்று சென்ற வாரம் சொன்னபோது, “எண்களை மெதுவாகச் சொல்லுங்கள், ஐயா. முக்கியமானதை இரண்டு முறை சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நேரம் வேண்டும்” என்றார். சொல்கிறேன். மன உளைச்சலுக்கு 14416; தமிழிலேயே பேசலாம். பெண்களுக்கான உதவிக்கு 181. குழந்தைகளுக்கு 1098. இணையக் குற்றத்திற்கு 1930. மீண்டும் சொல்கிறேன்: 1930.